தாத்தாவின் இரண்டு கேசட்டும் போர்டு இல்லாத கடையும்

பழைய ஆடியோ கேசட்டை எங்கே கொடுத்து டிஜிட்டலாக மாற்றினாய் என்று என்னிடம் கேட்டவர்கள் இதுவரை ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. இரண்டு இடத்தில் கொடுத்துப் பார்த்தவள் நான், இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

முதல் இடம் சென்னையில் ஒரு ஸ்டுடியோ. பெயர் வேண்டாம். இரண்டாவது மதுரையில் மேலமாசி வீதிப் பக்கம் ஒரு சந்துக்குள், முதல் மாடியில் ஓர் அறை. அதற்கும் பெயர் போடப் போவதில்லை, போர்டு இருந்தால்தானே போடுவதற்கு. ஒரே ஒருத்தர் உட்கார்ந்து வேலை செய்கிறார். "ஏம்மா, இருக்கிற கேசட்டே தீபாவளி வரைக்கும் வரும். எழுதி கிழுதி கூட்டத்தைக் கூட்டிடாதே" என்று சொல்லித்தான் அனுப்பினார். கேட்பவர்களுக்கு வழி சொல்லிக்கொள்கிறேன் அண்ணே என்று வந்துவிட்டேன்.

கேசட்டில் இருப்பது என் தாத்தா, அம்மாவின் அப்பா. 1963-ல், சீனப் போர் முடிந்த கையோடு பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது பத்தொன்பது வயதில் போனவர். வெலிங்டனில் பயிற்சி. மெட்ராஸ் ரெஜிமென்ட், 16-ஆவது பட்டாலியன். ஊரில் தாய்மாமனிடம் நாயனம் ஊதிப் பழகியிருந்ததால் மூச்சைப் பிடித்து வைக்கத் தெரியும். அதைப் பார்த்து பேண்டில் சேர்த்து பேக்பைப் கையில் கொடுத்துவிட்டார்கள். பதினாறு வருஷம் கழித்து ஹவில்தாராக ஊருக்கு வந்தவர், வரும்போது மீரட்டில் செய்த ஒரு பேக்பைப்பைச் சொந்தக் காசில் வாங்கி வந்தார். பை வறண்டு போகாமல் இருக்க உள்ளே தேன் விட்டு உருட்டுவார். அது தொங்கும் ஆணிக்கு எறும்பு வரிசை எப்போதும் இருக்கும்.

பட்டாளத்துக்குப் போகும் முன்பும் வந்த பிறகும் அவர் ஒயிலாட்டக்காரர். வந்த பிறகு வாத்தியார். ஊர்ப் பையன்களை வரிசையில் நிறுத்தி, கையில் கைக்குட்டை கொடுத்து, காலில் சலங்கை கட்டிவிட்டு ஆட்டுவார். தானும் முன்வரிசையில் ஆடுவார்.

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் ஏன் ஒரு சத்தத்துக்காக இரண்டு ஊர் அலைந்தேன் என்று புரியாது. பட்டாளத்தில் பேண்டுக்காரர்கள் சண்டை வந்தால் வாத்தியத்தை வைத்துவிட்டு ஸ்ட்ரெச்சர் தூக்க வேண்டும். 1971 டிசம்பரில் தாத்தாவின் பட்டாலியன் பாகிஸ்தானின் ஷகர்கட் பகுதியில், பசந்தர் ஆற்றைத் தாண்டி உள்ளே போயிருந்தது. ஆற்றை ஒட்டி முழுக்கக் கண்ணிவெடி. அதை எடுத்துப் பாதை போட்டு இரண்டு பக்கமும் வெள்ளை நாடா கட்டியிருப்பார்களாம், ராத்திரியில் அந்த நாடாவுக்குள்ளேயே ஆளைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். அந்த நடையில்தான் இடது கெண்டைக்காலில் குண்டுச் சிதறல் பாய்ந்தது. 17-ஆம் தேதி விடிகாலை. டாக்காவில் பாகிஸ்தான்காரர்கள் 16-ஆம் தேதியே சரணடைந்துவிட்டார்கள், மேற்கில் 17-ஆம் தேதி இரவு எட்டு மணிக்குத்தான் சண்டை நின்றது. "ஒரு நாள் முன்னாடி நிறுத்தியிருக்கக் கூடாதா" என்று அம்மா இப்போதும் டெல்லிக்காரர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். 

கால் ஆறிவிட்டது. நடந்தால் தெரியாது. ஆடினால் மட்டும் தெரியும். இடது கால் சலங்கை வலது காலைவிட ஒரு நூல் தாமதமாகவும் கொஞ்சம் லேசாகவும் விழும். ஊரில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் வரிசையில் தாத்தா எங்கே நிற்கிறார் என்று சொல்லிவிடுவார்கள்.

2003-ல் தாத்தா போனார். எங்களிடம் இருந்தது இரண்டு ஆடியோ கேசட்டும் ஒரு வீடியோ கேசட்டும். ஆடியோ இரண்டும் 1988-ல் மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த, ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த டூ-இன்-ஒன்னில் பதிவு செய்தவை. ஒன்று களத்துமேட்டில் நடந்த ஒத்திகை. இன்னொன்று வீட்டுத் திண்ணையில் மாமா கேள்வி கேட்க, தாத்தா பதில் சொல்வதும் ஊதுவதும்.

சரி, சென்னைக்கு வருகிறேன். அங்கே வேலை சுத்தம். இணையத்தில் படிவம், கூரியரில் கேசட், பத்தே நாளில் மெயிலில் சுட்டி, ஒழுங்கான பில். கேசட்டுக்கு 1,200 ரூபாய். முதல் முறை போட்டுக் கேட்டபோது எனக்கும் சந்தோஷம்தான். உஸ் என்ற இரைச்சலே இல்லை. தவில் கேட்கிறது, ஜால்ரா கொஞ்சம் கேட்கிறது, தாத்தா அடி சொல்வது கேட்கிறது. குரல் மட்டும் ஏதோ பானைக்குள் இருந்து வருவது போல. பழசு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டு, "இதுல யாரும் ஆடலையே" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பன்னிரண்டு பேர் சலங்கை கட்டி ஆடுகிற ஒத்திகையில் ஒரு சலங்கைகூட இல்லை. ஸ்டுடியோவுக்குப் போன் செய்தேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். இரைச்சல் நீக்கும் மென்பொருளில் போட்டு எடுத்தோம் மேடம், அதில் போயிருக்கலாம், நீக்காத பதிவை நாங்கள் வைத்துக்கொள்வதில்லை என்றார்கள். மென்பொருளைச் சொல்லியும் பயனில்லை. டேப் இரைச்சலும் உச்ச ஸ்தாயியில், சலங்கையும் அங்கேயே. எது குப்பை, எது கால் என்று அதற்கு எப்படித் தெரியும்? ஆனால் மூலப் பதிவை அழித்தது மனுஷ வேலை. அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. கேசட்டைத் திருப்பி அனுப்பும்போது ஒன்றில் உள்ளே இருக்கும் சின்னப் பஞ்சு மெத்தை வேறு கழன்று ஆடியது. கூரியரில் ஆனதா, அங்கே ஆனதா, தெரியாது.

மதுரைக்காரரை அலுவலகத்தில் ஒருத்தர் சொன்னார். படி செங்குத்து. வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் இதைக் கவனத்தில் வையுங்கள், அம்மாவை ஏற்றுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. அறையில் மூன்று கேசட் டெக், ஒரு கம்ப்யூட்டர், சுவர் நிறைய காலி கேசட் கூடுகள். முதலில் நான் சென்னைப் பதிவைப் போட்டுக் காட்டினேன். பாதி கேட்டுவிட்டு நிறுத்தச் சொன்னார். எதுவும் சொல்லவில்லை. கேசட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

பஞ்சு கழன்றது முதலில். அந்தப் பஞ்சுதான் டேப்பை, அதைப் படிக்கிற ஹெட்டின் மேல் அழுத்திப் பிடிப்பது. அது இல்லாவிட்டால் சத்தம் ஏறி இறங்கும். எங்கள் கேசட்டில் திருகாணி கிடையாது, ஒட்டிய கூடு. ஓரத்தில் பிளேடு வைத்து மெதுவாக நெம்பி, டப்பென்று இரண்டாகப் பிளந்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே இரண்டு சுருளையும் விரல் நுனியில் பிடித்துத் தூக்கி, ஐந்து திருகாணி வைத்த வேறொரு கூட்டுக்குள் இறக்கி, டேப்பை உருளைகளைச் சுற்றி விட்டு, பேனாவைச் சுருளின் பல்லில் விட்டு நாலு சுற்று சுற்றிப் பார்த்தார். கூடு கொடுத்தது ஏதோ ஓர் ஐயப்பன் பாட்டுக் கேசட். லேபிளைக் கிழிக்கவில்லை. எங்கள் வீட்டில் இப்போது தாத்தா அந்த லேபிளோடுதான் இருக்கிறார்.

அடுத்து அவர் செய்ததற்குத்தான் நான் இவ்வளவும் எழுதுகிறேன். டெக்கின் மூடியைக் கழற்றிவிட்டு, கேசட் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஹெட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு குட்டித் திருகாணியில் ஸ்க்ரூ டிரைவரை வைத்தார். பதிவு செய்த டூ-இன்-ஒன்னில் ஹெட் ஒரு மயிரிழை சாய்ந்திருந்தால், இங்கேயும் அதே சாய்வு வைத்தால்தான் உச்ச ஸ்தாயி வரும், நேராக வைத்துக்கொண்டு என்னதான் மென்பொருள் போட்டாலும் இல்லாததைக் கொண்டுவர முடியாது என்றார். இடது, வலது இரண்டு சேனலையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே ஸ்பீக்கரில் விட்டிருந்தார். அப்படி விட்டால் கோணம் சரியாகும் இடத்தில் சத்தம் பளிச்சென்று திறக்குமாம்.

கால் சுற்று இந்தப் பக்கம். ஒன்றுமில்லை. கொஞ்சம் அந்தப் பக்கம். தவிலில் தோல் சத்தம் வந்தது. இன்னும் கொஞ்சம். உஸ் என்ற இரைச்சல் பெரிதாகிக்கொண்டே வந்து, அதற்குள்ளிருந்து சலங்கை வந்தது. ஒன்றிரண்டு இல்லை, பன்னிரண்டு ஜோடிக் கால். மைக்குக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி மட்டும் தனியாக: ஜல், அப்புறம் ஒரு சின்ன இடைவெளி விட்டு, லேசாக ஒரு ஜல்.

"அய்யா" என்றார் அம்மா. எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவது.

கடைக்காரர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டு, டீ சொல்கிறேன் என்று கீழே போய்விட்டார். சேவைக்கு நட்சத்திரம் போடச் சொன்னால் அந்த டீக்கு மட்டும் தனியாக ஐந்து போடுவேன்.

முதல் கேட்பின்போது வீட்டு ஆள் ஒருத்தர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும் என்பது இவருடைய சட்டம். எரிச்சலான சட்டம்தான். பாங்கில் அரை நாள் விடுப்புக் கேட்டு, அம்மாவைக் கிராமத்திலிருந்து வரவழைத்து, அதுவும் இரண்டு தடவை. போனில் சொன்னால் ஆகாதா என்றேன். ஆகாது என்றார். ஏன் என்று இரண்டாவது தடவை புரிந்தது.

திண்ணையில் பதிவு செய்த கேசட்டில் தாத்தாவின் குரல் மெலிதாக, இளவட்டக் குரலாக இருந்தது. நாங்கள் பல வருஷமாக அப்படியே கேட்டுப் பழகிவிட்டோம். இவர் திரையில் எதையோ பெரிதுபடுத்திக் காட்டி, இது கரண்டு ரீங்காரம், வீட்டில் பிளக்கில் போட்டுப் பதிவு செய்திருக்கிறார்கள், 50 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டியது 53-ல் நிற்கிறது என்றார். அதாவது பதிவு செய்தபோது மெஷின் மெதுவாக ஓடியிருக்கிறது, இப்போது சரியான வேகத்தில் போட்டால் எல்லாம் ஆறு சதவீதம் வேகமாக, கிட்டத்தட்ட அரைக்கட்டை ஏறிக் கேட்கிறது. அப்போ 50-க்கு இறக்கிவிடுங்கள் என்றேன். சிரித்தார். "அந்தக் காலத்துல நம்ம ஊர் கரண்டு எங்கம்மா அம்பதுல நின்னுச்சு? நாப்பத்தெட்டுக்கெல்லாம் இறங்கும்."

மூன்று விதமாக எடுத்து வைத்திருந்தார். இருக்கிறபடி ஒன்று. 50-க்கு இறக்கியது ஒன்று. 48.5-க்கு இறக்கியது ஒன்று. எது எது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போட்டு, "இதுல எதும்மா உங்க அப்பா?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா யோசிக்கவே இல்லை. மூன்றாவதைக் காட்டினார். இருப்பதிலேயே மெதுவானது, கனமானது. எனக்கு ஒரு மாதிரி இருந்தது. எனக்குத் தெரிந்த தாத்தா பாதிக்கு மேல் இந்த கேசட்டிலிருந்து வந்தவர்தான், அந்தக் குரலே தப்பு என்றால் நான் யாரை ஞாபகம் வைத்திருந்தேன்?

கேசட்டுகளில் என்ன இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இது விமர்சனத்தில் வருமா வராதா தெரியாது. ஒத்திகையில் தாத்தா தமிழில் அடி சொல்லிக்கொண்டே வருவார், பையன்கள் திரும்பத் தாமதித்தால் "பீச்சே முட்!" என்று பரேடு கட்டளை வெடிக்கும். உடனே பன்னிரண்டு பேரும் ஒயிலாகத் திரும்புவது சலங்கையில் கேட்கிறது. நிறுத்துவதற்கு "தம்!" ஊரில் ஒருத்தனுக்கும் இந்தி தெரியாது, ஆனால் இந்த இரண்டுக்கும் எல்லாருக்கும் அர்த்தம் தெரியும். கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டே "வீர மதராசி!" என்று குரல் கொடுப்பார். பையன்கள் "அடி கொல்லு, அடி கொல்லு!" என்று கத்திவிட்டுச் சிரிப்பார்கள். ரெஜிமென்ட்டின் போர் முழக்கம், களத்துமேட்டில் கைக்குட்டையோடு.

திண்ணைக் கேசட்டில் மாமா சுற்றிச் சுற்றிச் சண்டையைப் பற்றியே கேட்கிறார். தாத்தா குளிரைச் சொல்கிறார், மண்ணைச் சொல்கிறார், வெள்ளை நாடாவைச் சொல்கிறார். எத்தனை பேரைத் தூக்கினீங்க என்றதும் பதில் இல்லை. சென்னைப் பதிவில் இந்த இடம் ஒரே வெறுமை, பேச்சே இல்லாத இடம் என்று வெட்டிச் சுருக்கிவிட்டிருந்தார்கள் என்றுகூட நினைத்தேன். மதுரைப் பதிவில் அது வெறுமை இல்லை. ஆணியிலிருந்து எடுப்பது கேட்கிறது. பைக்குள் ஒன்று, இரண்டு, மூன்று மூச்சு ஊதுவது கேட்கிறது. பையைக் கையால் ஒரு தட்டு. ஒரே ஸ்வரத்தில் ஒலிக்கும் ட்ரோன் குழல்கள் முனகிக்கொண்டே ஒன்றுக்கொன்று சேருவது. அப்புறம்தான் ஊதல். பக்கம் முடியப் போகும் வரைக்கும் ஊதுகிறார், பட்டனை அழுத்தி நிறுத்தும் டக் சத்தத்தோடு முடிகிறது. அந்த டக்கையும் வெட்டாமல் விட்டிருக்கிறார் கடைக்காரர். வெட்டவா என்று கேட்டார், வேண்டாம் என்றோம்.

வீடியோ கேசட் விஷயத்தில் நான் பெரிதாகப் பரிந்துரைக்க மாட்டேன். 1994-ல் சின்ன மாமா கல்யாணத்தில் எடுத்தது, டேப்பில் பூஞ்சை. துடைத்து ஓட்டினார், ஓரளவு வந்தது, கீழே கோடு கோடாக நிற்கிறது. இவருக்கு ஆடியோவில் இருக்கும் கை வீடியோவில் இல்லை, அவரே அதை ஒத்துக்கொள்கிறார். மொத்தம் மூன்று மணி நேரத்தில் தாத்தா ஆடுவது நாற்பது விநாடி. அதிலும் பாதியில் வீடியோக்காரர் இதய வடிவத்துக்குள் பொண்ணு மாப்பிள்ளையைக் கொண்டுவந்து தாத்தாவின் மேல் மிதக்கவிட்டிருக்கிறார். இதயத்துக்குக் கீழே ஒரு மஞ்சள் கைக்குட்டை மட்டும் மேலே போய்க் கீழே வருகிறது.

இனி குறைகள். நிறைய உண்டு.

போன் எடுக்கவே மாட்டார். மூன்று வாரம் என்றார், பதினொரு வாரம் ஆனது. நடுவில் நான் நேரில் போய் நின்றபோது கரண்டு இல்லை என்று வாசலில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். பில் கிடையாது, கேட்டால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தருகிறார். கோப்புகளுக்கு அவர் வைக்கும் பெயர்களைப் பார்த்தால் அழுகை வரும். "தாத்தா புதுசு 2 கடைசி" என்று ஒன்று, "தாத்தா கடைசி உண்மை" என்று இன்னொன்று. நான்தான் உட்கார்ந்து தேதி போட்டு மாற்றினேன். பென் டிரைவ் அவரே கொடுப்பார், அதை நம்பாதீர்கள். எங்களுக்குக் கொடுத்தது இரண்டாவது வாரமே படுத்துவிட்டது. நல்லவேளை, அவர் கம்ப்யூட்டரில் பிரதி வைத்திருந்தார், திரும்பப் போய் வாங்கினேன். சொந்தமாக ஒரு ஹார்டு டிஸ்க் எடுத்துக்கொண்டு போவது நல்லது. 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் எடுக்கிறார், ஒரு மணி நேரக் கேசட்டுக்கு 2 ஜிபி பிடிக்கும். போனில் கேட்பதற்கு எம்பி3 தனியாகத் தருகிறார்.

கூலி ஆடியோ கேசட்டுக்கு 450 ரூபாய், கூடு மாற்றினால் 100 சேர்த்து. வீடியோவுக்கு 600. சென்னையோடு பார்த்தால் பாதிகூட இல்லை, அலைந்த செலவைச் சேர்த்தால் கணக்கு சரியாகிவிடும்.

எங்கே கொடுத்தாலும், வெட்டாத, சுத்தம் செய்யாத மூலப் பதிவு எனக்கு வேண்டும் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். சுத்தம் பிறகு எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். கேசட்டை வண்டிப் பெட்டிக்குள் போட்டு வெயிலில் நிறுத்தாதீர்கள். கூரியரில் அனுப்பியே ஆக வேண்டும் என்றால் ஓடாமல் இருக்க கேசட்டின் இரண்டு பல் துளையிலும் காகிதம் மடித்துச் செருகுங்கள். இதெல்லாம் அவர் சொன்னது.

பதிவு வந்து ஆறு மாதம் ஆகிறது. சின்ன மாமா பையனுக்குப் பதினாறு வயது, தாத்தாவைப் பார்த்ததே இல்லை. ஊரில் திருவிழாவுக்கு மறுபடி ஒயிலாட்டம் கட்டலாம் என்று நாலைந்து பையன்கள் சேர்ந்தபோது, ஒத்திகைக் கோப்பைப் போனில் வாங்கிக்கொண்டு போனான். கண்ணால் பார்த்துப் பழக ஆள் இல்லை, காதால் கேட்டே கால் வைத்துப் பழகியிருக்கிறான். போன மாதம் மொட்டை மாடியில் ஆடிக் காட்டினான். வலது கால் திடமாக விழுகிறது. இடது கால் ஒரு நூல் தாமதித்து, லேசாக.

ஆட்டமே அப்படித்தான் என்று நினைத்திருக்கிறான். மாமா திருத்தப் போனார். அம்மா அவர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டார்.